எண்ணைக் கொடுத்தால் மூன்று அழைப்புகள்தான் வருகின்றன: தொடர்பு மைய ஒலிப்பதிவுத் தேடல் பற்றிய இழை

வாசகர் கேள்வி, 5.1.2026, காலை 10.40

நிதி நிறுவனம் ஒன்றுக்காகத் தவணை நிலுவை அழைப்புகளைச் செய்யும் தொடர்பு மையத்தில் புகார்ப் பிரிவைக் கவனிக்கிறேன். கடன் வாங்கிய ஒருவர், டிசம்பரில் எங்கள் ஏஜென்ட்கள் தம்மை எட்டு முறை அழைத்ததாகவும், அதில் ஒரு முறை இரவு ஏழு மணிக்கு மேல் அழைத்ததாகவும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அவருடைய எண்ணைத் தேடல் பெட்டியில் கொடுத்தால் மூன்று ஒலிப்பதிவுகள் மட்டுமே வருகின்றன. மூன்றும் பகல் நேர அழைப்புகள். தொழில்நுட்பப் பிரிவினர் இருப்பது இவ்வளவுதான் என்கிறார்கள். மற்றவை அழிந்துவிட்டனவா, அல்லது அவர் கூட்டிச் சொல்கிறாரா?

5.1.2026, பிற்பகல் 1.15

மூன்று என்ற கணக்கை நம்ப வேண்டாம். எட்டு என்ற கணக்கையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

தேடல் பெட்டி ஒலிக்கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. அழைப்பு நடந்த நேரத்தில் டயலர், அதாவது எண்களைத் தானாக அழைக்கும் மென்பொருள், எழுதி வைத்த குறிப்பில் எண் எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதையும் நீங்கள் தட்டியதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஒரே மனிதரின் எண் உங்கள் தரவுத்தளத்தில் பத்து இலக்கமாகவும், முன்னால் பூஜ்யம் சேர்ந்த பதினோரு இலக்கமாகவும், 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்கமாகவும், கூட்டல் குறியோடும், யாரோ கையால் தட்டிய இடத்தில் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் இடைவெளியோடும் இருக்கக்கூடும். நீங்கள் பத்து இலக்கத்தைக் கொடுத்திருப்பீர்கள். மற்ற வடிவங்களில் இருக்கும் அழைப்புகள் கணினிக்கு வேறு யாருடையவோதான்.

தரவுத்தளத்தைத் தொடும் உரிமை உள்ளவரிடம், அந்தப் பத்து இலக்கங்களில் முடியும் எல்லா வரிகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அட்டவணையின் அழைத்தவர் பத்தியிலும் (நெடுவரிசையிலும்) அழைக்கப்பட்டவர் பத்தியிலும் தேட வேண்டும். அவர் உங்களைத் திரும்ப அழைத்திருந்தால் அவருடைய எண் முதல் பத்தியில் இருக்கும்; நீங்கள் அழைத்திருந்தால் இரண்டாவதில் இருக்கும். சில தேடல் பக்கங்கள் ஒன்றை மட்டுமே பார்க்கின்றன, அதைத் திரையில் சொல்வதும் இல்லை.

5.1.2026, மாலை 6.30

ஆறு வரிகள் கிடைத்ததாகக் கேட்டவர் தெரிவித்திருக்கிறார். புதிதாகக் கிடைத்த மூன்றிலும் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்ததாம்.

எதிர்பார்த்ததுதான். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் நிலைத்த இணைப்பிலிருந்து கைபேசியை அழைக்கும்போது முன்னால் பூஜ்யம் சேர்ப்பது கட்டாயம். பிஆர்ஐ என்ற நிலைத்த டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வழியாக வெளியே போகும் அழைப்பு அந்த வகையில் வருவதால், டயலர் பூஜ்யத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டு, அனுப்பியதை அப்படியே பதிவேட்டிலும் எழுதிவிடுகிறது. அதே டயலரின் இன்னொரு டிரங்க் (வெளி இணைப்புத் தடம்) எஸ்ஐபி என்ற இணையவழி முறையில் போனால், அந்தச் சேவை நிறுவனம் 91 சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும் என்றிருக்கலாம். எந்த டிரங்க் காலியாக இருந்ததோ அதற்கேற்ப ஒரே நாளில் ஒரே மனிதரின் எண் இரண்டு வடிவங்களில் பதிவாகும். 2021க்கு முந்தைய பதிவேடுகள் இன்னும் குழப்பமானவை. அப்போது சொந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக் கைபேசிக்குப் பூஜ்யம் தேவையில்லை, வெளி வட்டத்துக்குத் தேவை. அதனால் பழைய தரவில் பூஜ்யம் இருப்பதும் இல்லாததும் வாடிக்கையாளர் எந்த மாநிலத்தில் சிம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது.

6.1.2026, காலை 9.05

இன்னும் இரண்டு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேடுவது ஒலிப்பதிவுகளை. அவர் புகாரில் சொல்வது அழைப்புகளை. அவர் எடுக்காத அழைப்புக்கு ஒலிப்பதிவு இருக்காது, ஆனால் அவருடைய கைபேசியில் தவறிய அழைப்பாக உட்கார்ந்திருக்கும். ஒலிப்பதிவுப் பட்டியலை விட்டுவிட்டு அழைப்புப் பதிவேட்டில் அதே எண்ணைத் தேடுங்கள். பதில் இல்லை, பிஸி என்று முடிந்த வரிகளும் அங்கே இருக்கும்.

அப்படித் தேடும்போது கணக்கு திடீரென்று இருபதாக உயர்ந்தால் பதற வேண்டாம். ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளில் அவர் உங்களைத் திரும்ப அழைத்து வரிசையில் காத்திருந்தால், எத்தனை ஏஜென்ட்களின் தொலைபேசி ஒலித்ததோ அத்தனை வரிகள் விழலாம். ஒரே அழைப்பின் வரிகளை ஒன்றாகக் கட்டும் இணைப்பு அடையாளம் தனிப் பத்தியாக இருக்கிறது. அதைக் கொண்டு தொகுத்த பிறகு எண்ணுங்கள்.

6.1.2026, காலை 9.20

மேலே எழுதியதோடு சேர்த்து ஒரு கேள்வி: உங்கள் சர்வர் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது?

6.1.2026, இரவு 8.50

பதிவேட்டில் எட்டு வரிகளும் இருக்கின்றன என்று பதில் வந்திருக்கிறது. ஆறு பேசப்பட்டவை, இரண்டு எடுக்கப்படாதவை. சர்வரைச் சென்ற ஆண்டு கிளவுடுக்கு மாற்றினார்களாம், நேரம் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடுகிறதாம். ஆக, திரையில் பகல் 1.42 என்று காட்டிய அழைப்பு உண்மையில் இரவு 7.12க்குச் செய்யப்பட்டது. கேட்டவர் முதலில் பார்த்த மூன்றிலேயே அது இருந்திருக்கிறது. வாடிக்கையாளர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இது சிறிய விஷயமல்ல. நிலுவை வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனாளரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இரவு ஏழு மணி என்பது யூடிசியில் பகல் 1.30. டயலரின் நேரக் கட்டுப்பாடு சரியாக இருந்ததா, அல்லது ஏஜென்ட் கையால் எண்ணைத் தட்டி அழைத்தாரா என்பது அடுத்த கேள்வி. அதை உங்கள் நிர்வாகம் விசாரிக்கட்டும். தேடல் பக்கம் நேரத்தை மாற்றிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் யூடிசி என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாத பக்கத்தை நம்பி ஒருவருடைய புகாரைப் பொய் என்று எழுதிவிட முடியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. பதிவேட்டில் தொடங்கிய நேரம், எடுத்த நேரம், முடிந்த நேரம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஒலிக்கோப்பின் பெயரில் இருப்பது பெரும்பாலும் பதிவு தொடங்கிய நேரம். 6.59க்கு மணியடித்து 7.00க்கு எடுக்கப்பட்ட அழைப்பில் எந்த நேரத்தைச் சொல்கிறீர்கள் என்பதைப் பதில் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

8.1.2026, காலை 11.00

ஒரு வாசகர், கடைசிப் பத்து இலக்கத்தை வைத்துத் தேடச் சொன்ன யோசனை தம் இடத்தில் சர்வரையே நிறுத்திவிட்டது என்று எழுதியிருக்கிறார். நியாயமான குறைதான். எண் பத்தியில் இண்டெக்ஸ் (விரைந்து தேடுவதற்கான வரிசைப் பட்டியல்) இருந்தாலும் அது எண்ணின் தொடக்கத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டது. முடிவைக் கொடுத்துத் தேடுவது, பழைய தொலைபேசி விவரப் புத்தகத்தில் குமார் என்று முடியும் பெயர்களை எல்லாம் தேடுவதைப் போன்றது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டாமல் முடியாது. ஒரு புகாருக்கு ஒரு முறை, பகலில் இல்லாமல் இரவில், டயலர் எழுதிக்கொண்டிருக்கும் மூலத் தரவுத்தளத்தில் இல்லாமல் அதன் நகலில் செய்யலாம். தினமும் செய்ய முடியாது.

தினமும் தேட வேண்டுமென்றால் சீராக்கிய எண்ணுக்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளில் 5.7 பதிப்பு முதல், இன்னொரு பத்தியிலிருந்து தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும் பத்தியை வைத்து, அதற்கு இண்டெக்ஸும் போடலாம். இலக்கமல்லாததை எல்லாம் நீக்கிவிட்டு வலப்பக்கத்துப் பத்து இலக்கங்களை எடுத்து அதில் வைத்தால், தேடல் பெட்டியும் தட்டப்பட்டதை அதே முறையில் வெட்டி, சமமா என்று மட்டும் பார்த்தால் போதும். எண்ணைத் தலைகீழாக எழுதி வைக்கும் பழைய உத்தியும் வேலை செய்யும், ஆனால் அதைப் பார்க்கிற அடுத்த நிர்வாகி உங்களைத் திட்டுவார். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், எண்ணை மூன்று மூன்று எழுத்தாக வெட்டி வைக்கும் இண்டெக்ஸ் வைத்து இடையில் வரும் இலக்கங்களையும் தேடலாம். எண்ணின் நடுப்பகுதி மட்டும் நினைவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அது உதவும், மற்றபடி அதிகப்படி.

8.1.2026, பிற்பகல் 3.40

பத்து இலக்கம் என்பது இந்திய எண்ணுக்கு மட்டும் பொருந்தும். நிலைத்த இணைப்புகளுக்கும் அது பொருந்துவது அழகு: சென்னைக்கு 44 சேர்த்து எட்டு இலக்கம், கோவைக்கு 422 சேர்த்து ஏழு இலக்கம், இரண்டும் கூட்டினால் பத்துதான்.

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் சரியாகவே மறுத்திருக்கிறார். இலங்கை எண்ணில் 94க்குப் பின் வருவது ஒன்பது இலக்கம். நாட்டுக் குறியீட்டோடு வந்த எண்ணின் கடைசிப் பத்தை எடுத்தால் முன்னால் 4 ஒட்டிக்கொள்ளும், உள்நாட்டு வடிவில் வந்த அதே எண்ணில் முன்னால் பூஜ்யம் இருக்கும், இரண்டும் சேராது. ஐக்கிய அரபு அமீரகக் கைபேசிகளிலும் இதே கதை.

சிங்கப்பூர்தான் உண்மையில் ஆபத்தானது. 65 என்ற குறியீடும் எட்டு இலக்கமும் சேர்ந்தால் சரியாகப் பத்து வருகிறது. கூட்டல் குறியைத் துடைத்துவிட்டால், அந்த எண் 6இல் தொடங்கும் இந்தியக் கைபேசி எண்ணைப் போலவே நிற்கும், 91 சேர்த்து அழைத்தால் முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனங்களின் டயலரில் இது நடக்கக்கூடியது.

எனவே வெட்டிய எண்ணைத் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூல எண்ணை ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 எண் முறைப்படி நாட்டுக் குறியீட்டோடு தனியாகச் சேமிப்பதே சரி. அந்த முறையில் எந்த நாட்டு எண்ணும் அதிகபட்சம் 15 இலக்கம்தான். நாட்டுக் குறியீடு எது என்று உறுதியாகத் தெரிவது அழைப்பு உள்ளே வரும் கணத்தில், எந்த டிரங்க் வழியாக வந்தது என்று தெரியும்போது மட்டுமே. பின்னால் உட்கார்ந்து ஊகிப்பது வீண் வேலை.

9.1.2026, காலை 10.10

விசிடயல் என்ற டயலர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்காக. ஒலிப்பதிவு விவரங்கள் இருக்கும் அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணுக்கென்று பத்தி கிடையாது. கோப்பின் பெயரில் தேதியும் எண்ணும் சேர்ந்து வரும்படி முன்னிருப்பு அமைப்பு இருக்கிறது, அதனால் பலர் கோப்புப் பெயரையே தேடுகிறார்கள். யாரோ ஒருவர் கேம்பைன் (அழைப்புத் தொகுதி) அமைப்பில் பெயர் முறையை மாற்றிவிட்டால் அன்று முதல் எண் காணாமல் போகும். ஒலி அங்கேயேதான் இருக்கும். எண்ணைக் கோப்புப் பெயரிலேயே வைப்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அதனால் லீட் (அழைக்க வேண்டிய வாடிக்கையாளரின் பதிவு) அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு லீட் அட்டவணைக்குப் போய் எண்ணைப் பார்ப்பவர்களும் உண்டு. அங்கே இருப்பது இன்றைய எண். வாடிக்கையாளர் எண்ணை மாற்றிக் கொடுத்து ஏஜென்ட் திரையில் திருத்தியிருந்தால், போன வருடத்துப் பழைய எண்ணில் பேசியவை எல்லாம் புதிய எண்ணில் பேசியவை போலத் தெரியும். அழைத்த நேரத்தில் எந்த எண்ணை டயல் செய்தார்கள் என்பது அழைப்பு லாக் அட்டவணையில்தான் இருக்கிறது. வெளியே போனவைக்கு ஒன்று, உள்ளே வந்தவைக்கு ஒன்று. இரண்டையும் பாருங்கள்.

9.1.2026, காலை 10.25

அமேசான் கனெக்ட் என்ற கிளவுட் தொடர்பு மையச் சேவை பற்றிக் கேட்டவருக்கு: அங்கே கோப்புப் பெயரில் அழைப்பின் அடையாளமும் யூடிசி நேரமும்தான் இருக்கும், தொலைபேசி எண் இருக்காது. கோப்புறைகள் வருடம், மாதம், நாள் என்று அடுக்கப்பட்டிருப்பதால், நம் ஊர்க் காலை ஐந்தரைக்கு முந்தைய அழைப்பை முந்தைய நாள் கோப்புறையில் தேட வேண்டும். எண்ணைக் கொண்டு தேடலில் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கோப்புக்குப் போவதே வழி.

12.1.2026, மாலை 5.00

எக்செல். இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் விளக்கம் கேட்கிறார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய டயலரை மூடும்போது அழைப்புப் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாக இறக்கி, ஒரு டீம் லீடர் அதை எக்செலில் திறந்து, பத்திகளை அகலப்படுத்தி, அழகாக்கிச் சேமித்துக் கொடுத்தார். பொதுவான வடிவமைப்பில் பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை எக்செல் அறிவியல் குறியீட்டில் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டியதையே எழுதும். 91இல் தொடங்கிய எண்கள் எல்லாம் 9.19877, அதன் பின் ஈ, பிளஸ், 11 என்ற ரீதியில் சுருங்கிவிட்டன. முதல் ஆறு இலக்கம் ஒத்துப்போன நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே எண்ணுக்குரியவர்களானார்கள். பத்து இலக்கத்தில் இருந்தவை பிழைத்தன, பூஜ்யத்தில் தொடங்கியவை பூஜ்யத்தை இழந்தன. ஒலிக்கோப்புகள் ஒன்றுகூடச் சேதமாகவில்லை, ஆனால் எண்ணைக் கொடுத்து அவற்றை எடுக்க வழியில்லாமல் போயிற்று. பழைய வட்டைத் தேடி எடுத்துத்தான் மீட்டோம்.

எண் என்பது கணக்குப் போடுவதற்கானதல்ல. அந்தப் பத்தியை உரையாக இறக்குமதி செய்யுங்கள்.

13.1.2026, காலை 8.30

இவ்வளவும் எண்ணைச் சரியாகப் பிடிப்பது பற்றி. சரியாகப் பிடித்த எண் சரியான ஆளைக் காட்டுமா என்பது தனிக் கேள்வி.

இணைப்பு துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணை இந்தியாவில் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு ஒருவருக்குக் கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். ஆகவே மூன்று வருடப் பதிவுகளை ஓர் எண்ணைக் கொண்டு எடுத்தால், முதல் பாதி ஒருவருடையதாகவும் மறுபாதி இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். புதியவர் தம் அழைப்புகளைக் கேட்கும்போது பழையவரின் கடன் கதையைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. எண்ணோடு கடன் கணக்கு எண்ணையும் ஒப்பிட்ட பின்பே வெளியே அனுப்ப வேண்டும்.

நேர்மாறானதும் உண்டு. மனைவியின் கைபேசியிலிருந்து பேசுபவர், அலுவலக இணைப்பிலிருந்து பேசுபவர், எதிர்க் கடையில் ஃபோன் வாங்கிப் பேசுபவர் எல்லாருமே பதிவு செய்த எண்ணுக்கு வெளியே இருக்கிறார்கள். ஐவிஆரில், அதாவது ஒன்றை அழுத்துங்கள் என்று சொல்லும் தானியங்கிக் குரலில், அவர்கள் தட்டிய பதிவு எண்ணை அழைப்போடு சேர்த்து எழுதி வைத்தால் இவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிடலாம். பல இடங்களில் ஐவிஆர் அந்த எண்ணை வைத்துக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, எங்கும் எழுதாமல் எறிந்துவிடுகிறது.

எண்ணை மறைத்து அழைப்பவர்களையும் மறக்க வேண்டாம். நான் பார்த்த தரவுத்தளங்களில் நிறுவனத்தோடு மிக நெருக்கமாகப் பழகும் வாடிக்கையாளரின் பெயர் அனானிமஸ்.

13.1.2026, பகல் 12.15

வெளியே போகும் அழைப்பில் நீங்கள் எந்த எண்ணைக் காட்டினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள் என்று ஒரு வாசகர் சேர்த்திருக்கிறார். முழுச் சம்மதம். புகார் கொடுப்பவர் தம் திரையில் தெரிந்த எண்ணைத்தான் எழுதித் தருவார், அதைத் தேடல் பெட்டி அறியவே அறியாது.

16.1.2026, இரவு 9.30

எண்ணைக் கோப்புப் பெயரிலேயே வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு இரண்டு பேர் காரணம் கேட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயர் எங்கும் போகிறது: மின்னஞ்சல் இணைப்பில், வாட்ஸப்பில், பேக்அப் லாகில், வலைச் சர்வரின் அணுகல் பதிவேட்டில். தேடல் பக்கத்துக்குள் யார் எந்த எண்ணைத் தேடினார் என்று கணக்கு வைக்கலாம். கோப்புறையைத் திறந்து பெயர்களைப் படிப்பவருக்குக் கணக்கு கிடையாது. ஏஜென்ட் ஒருவர் தம் உறவினரின் எண்ணைப் போட்டுக் கேட்ட நிகழ்ச்சி எனக்குத் தெரியும். தேடலுக்குக் கணக்கு இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம் (திரும்ப மீட்க முடியாத குறியீடாக மாற்றிவிட்டோம்), இனி பாதுகாப்பு என்று சொல்பவர்களுக்கு: இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கு இலக்கங்களில் தொடங்குகின்றன, அதிகபட்சம் 400 கோடி சாத்தியங்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிடங்களே தாராளம். ரகசியச் சாவி சேர்த்த ஹெச்மேக் முறையைப் பயன்படுத்தி, சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வையுங்கள். அப்போதும் சீராக்கிய எண்ணைத்தான் ஹாஷ் செய்ய வேண்டும். பூஜ்யத்தோடு ஒன்று, பூஜ்யமில்லாமல் ஒன்று என்றால் ஹாஷ் இரண்டுக்கும் தொடர்பே இல்லாத இரண்டு விடைகளைத் தரும், கடைசிப் பத்தை வெட்டிப் பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லவும் அது தனிநபருக்கு உரிமை தருகிறது. மூன்றைக் கண்டுபிடித்து அழித்துவிட்டு மற்ற மூன்றைப் பூஜ்யத்தோடு உட்காரவைத்திருக்கும் மையம், அழித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

19.1.2026, காலை 7.50

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்துவிட்டதே, உரையாடலுக்குள் எண்ணைத் தேடினால் போதாதா என்ற கேள்விக்கு: தமிழில் பேசுபவரும் எண்ணை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார், அதுவும் டபுள் நைன், ட்ரிபிள் ஜீரோ என்று. நடுவில் ஏஜென்ட் திருப்பிச் சொல்கிறார், வாடிக்கையாளர் அதைத் திருத்துகிறார். எழுத்தாக்கிய உரையில் பத்து இலக்கம் ஒரே துண்டாக வருவது அரிது. மாற்று எண் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள அது உதவும், பதிவேட்டுக்கு மாற்றாகாது.

19.1.2026, மாலை 4.20

கேட்டவரின் கடைசிக் கேள்வி, பழைய வரிகளுக்கும் சீராக்கிய எண்ணுக்கான புதிய பத்தியை நிரப்பலாமா என்பது. நிரப்புங்கள், ஆனால் டயலர் ஓடும் நேரத்தில் முழு அட்டவணையையும் ஒரே கட்டளையில் மாற்ற வேண்டாம். மாற்றம் முடியும் வரை அட்டவணை பூட்டிக்கொண்டால் ஏஜென்ட்களின் திரை நின்றுவிடும். சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து, இரவு ஷிஃப்ட் முடிந்த பிறகு ஓட்டுங்கள். மூலப் பத்தியைத் தொடாதீர்கள்.

ஒலிகளை மலிவான காப்பகத்துக்கு நகர்த்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எட்டு கிலோஹெர்ட்ஸ், பதினாறு பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்கு 960 கிலோபைட் தின்னும், நகர்த்த வேண்டியதுதான். விவர வரிகளை மட்டும் கூடவே நகர்த்த வேண்டாம், அவை எடையில்லாதவை. அமேசானின் கிளேசியர் ஆழ் காப்பகத்திலிருந்து ஒரு கோப்பை எடுக்கச் சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை ஆகும். எந்தக் கோப்பு என்று முதலிலேயே தெரிந்திருந்தால் புகார்தாரருக்கு நாளை பதில் சொல்லலாம். தெரியாவிட்டால் ஒரு மாதத்துக் கோப்புறையையே இறக்கி, ஆள் வைத்துக் கேட்க வேண்டியிருக்கும்.